மூன்றாம் எண் தட்டு

மார்ச் 4, திங்கள்

லேபில் யாரோ நான் செல் வளர்க்கும் தட்டுகளை மாற்றி வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, என் ஜூனியர் பெனிட்டாதான். அந்த இன்குபேட்டரில் கை வைப்பவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் மாற்றவில்லை.

குழப்பம் வந்தால் முதலிலிருந்து எழுதிப் பாருங்கள் என்று லேபை நடத்தும் மேடம் சொல்வார். எழுதுகிறேன்.

தலை வளராத ஒரு குழந்தை. ஐந்து வயது. தென்காசிப் பக்கம், எங்கள் ஊருக்குச் சில ஸ்டாப் தள்ளி. அவளுடைய ரத்தத்திலிருந்து செல் எடுத்து, அதைக் கருநிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, மூளையின் முன்னோடிச் செல்லாக வளர்த்திருக்கிறோம். கருவில் மூளை உருவாகும்போது இந்தச் செல்களுக்கு முதல் வேலை பெருகுவது. கூட்டம் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் நரம்புச் செல்லாக மாற வேண்டும். அந்தக் குழந்தையின் செல்கள் அவசரப்பட்டு முன்பே மாறிவிடுகின்றன. விதைநெல்லை அவித்துத் தின்ற கதை. அப்புறம் விளைச்சல் எங்கே இருக்கும்?

இதில் வேடிக்கை, மரபணுவில் கோளாறே இல்லை. அதை எவ்வளவு காலம் எரியவிடுவது என்று தீர்மானிக்கிற ஸ்விட்ச் ஒன்று அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வெளியே டெஸ்ட் எடுத்தால் மரபணுவைப் படிப்பார்கள், ஸ்விட்ச்சைப் படிக்க மாட்டார்கள். குழந்தையின் அம்மா ஏறி இறங்கிய ஆஸ்பத்திரியில் எல்லாம் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தது அதனால்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க நலமான ஆட்களின் செல் வேண்டும். கன்ட்ரோல். வெளியில் ஆள் தேடி அலைவானேன் என்று, நெறிமுறைக் கமிட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டு, லேபில் இருந்த நாலு பேர் கையை நீட்டினோம். எங்கள் பக்கத்து லேப்களிலும் இதுதான் வழக்கம். மூன்றாம் எண் என்னுடையது.

இன்று அளந்தால் ஒன்று, இரண்டு, நான்கில் அந்த மரபணு முழுதாக வேலை செய்கிறது. மூன்றில் பாதி. அந்தக் குழந்தையின் அப்பா, அம்மா தட்டுகளை முன்பு அளந்தபோதும் இதே பாதிதான் வந்தது. ஆக, அப்பாவின் தட்டும் மூன்றாம் எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. வேறு என்ன?

என் மனைவி உலகம்மைக்கு மூன்றாம் மாதம். சீரகம் தாளிக்கிற வாசனை ஆகவில்லை. ராத்திரிக்குத் தயிர்சாதம் நான் பிசைந்தேன். உப்புப் போதவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 6, புதன்

பெனிட்டாவிடம் கேட்டேன். "நான் தொடவே இல்ல சார்" என்றாள். கள்ளன் எவன் ஒத்துக்கொண்டான்?

மார்ச் 13, புதன்

உறையவைத்த குழாய்களிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வளர்க்கிறேன். இந்தத் தடவை என் கையாலேயே எண் போட்டேன். பெனிட்டா நாகர்கோவில்காரி, கோபம் வந்தால் பேசமாட்டாள். இரண்டு நாளாகப் பேசவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து கோமதி அக்கா ஃபோன். அக்கா என்றால் என் கூடப்பிறந்த அக்கா, என் மாமியார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைச் சென்னையில் யாருக்கும் விளக்கி முடியவில்லை. உலகம்மைக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான், தாய்மாமன் மடி. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கையைக் கடித்துவிட்டாள். அந்தக் கையைப் பிடித்தே பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, எம் பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுதியளா?" என்று ஆரம்பித்தாள் அக்கா. ஸ்பீக்கரில் இருந்ததால் அந்த மரியாதை. ஸ்பீக்கரை அணைத்ததும், "ஏல, வெளிய தெருவுல கண்டதையும் வாங்கிக் குடுக்காதல" என்றாள்.

மார்ச் 22, வெள்ளி

மறுபடியும் பாதி.

தட்டு மாறவில்லை. எனக்குப் புரியவில்லை. இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டரைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. ஊட்டக் கரைசல் பழையதோ என்று புதுப்புட்டி திறந்தேன். அப்படியானால் மற்ற மூன்றும் கெட்டிருக்க வேண்டுமே. மூன்றாம் எண் குழாயை உறையவைத்தபோது ஏதோ ஆகியிருக்கும். செல்லுக்கும் ராசி நட்சத்திரம் உண்டு போலிருக்கிறது.

மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அந்த நாலு பேரோட ஸ்விட்ச்சைப் படிச்சுப் பாத்தீங்களா, சங்கரலிங்கம்?"

"அவங்க கன்ட்ரோல் மேடம். எல்லாரும் நார்மல்."

"நார்மல்னு யாரு சொன்னா? அவங்களேதானே சொல்லிக்கிட்டாங்க?"

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் மீட்டரைப் பார்த்தேன். நாலு பேருடையதையும் படிக்க அனுப்பச் சொல்லிவிட்டார். வெட்டி வேலை.

மார்ச் 23, சனி

உலகம்மைக்கு ஸ்கேன். பிள்ளை கையைக் காலை ஆட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறது. தலை அளவு வாரத்துக்கு ஏற்றபடி சரியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இன்னொரு தரம் அளக்க முடியுமா என்றேன். அளந்தார். அதே அளவு. மூன்றாவது தரம் கேட்டபோது, "நீங்களும் டாக்டரா?" என்றார். பிஎச்டி என்றேன். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோவில் உலகம்மை கேட்டாள். "ஏன் மாமா தலையவே கேட்டிய? கை கால் எல்லாம் வேண்டாமா?"

"சும்மாதான்."

ஏன் கேட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வகைக் கோளாறு இவ்வளவு சீக்கிரம் ஸ்கேனில் தெரியவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல்தான் தெரியும். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. கணினித் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முகடு வரும். அந்த இடத்தில் ஒன்று, இரண்டு, நான்குக்கு ஒரு முகடு. மூன்றாம் எண்ணுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகடு. ஒரு ஸ்விட்ச் நல்லது, ஒரு ஸ்விட்ச் கெட்டது. அந்தக் குழந்தையிடம் இருக்கிற அதே எழுத்து. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக அவளுக்கு இரண்டுமே கெட்டது.

மூன்றாம் எண்ணுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு நல்ல ஸ்விட்ச் போதும். ஆள் ஒழுங்காக வளர்ந்து, படித்து, பட்டம் வாங்கி, அடுத்தவர் மேல் பழி போட்டுக்கொண்டு திரியலாம்.

பெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"சார், உலகம்மை அக்காவும் உங்களுக்குச் சொந்தம்தானே?"

"ஆமா."

"எந்த வகையில சார்?"

"பைப்பெட் டப்பா காலியா இருக்கு. நிரப்பி வை" என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் டெஸ்ட் எடுத்தோம். சும்மா ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை. அக்கா மகளைக் கட்டுகிறவன், அதுவும் இந்தத் துறையில் இருப்பவன், யோசிக்காமல் கட்டுவானா? இருவருக்கும் நார்மல் என்று வந்தது. அக்காவுக்கு அதை வாசித்துக்கூடக் காட்டினேன்.

தென்காசிக் குழந்தையின் அம்மாவும் அதே நார்மலைத்தான் வாங்கினாள்.

என்னிடம் இருக்கிற எழுத்து அக்காவிடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அக்காவிடம் இருந்தாலும் உலகம்மைக்குப் போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைக் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஆறுமுகம். என்னைவிட மூன்று வயது மூத்தவன். எனக்கு நாலு வயது இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு அவன் முகம் ஞாபகமில்லை. அவனைப் பற்றி வீட்டில் இவ்வளவுதான் பேச்சு.

"அண்ணனுக்கு என்னக்கா செஞ்சுது?"

"காய்ச்சல்தான். இப்ப எதுக்கு அத கேக்க?"

"அதுக்கு முன்னால எப்படி இருந்தான்?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அவனுக்குக் கழுத்து நிக்கவே ரெண்டு வருசம் ஆச்சு. பேச்சு கெடையாது. அம்மா மாசமா இருக்கையில கிரகணத்தன்னைக்கு வெளிய போயிட்டாளாம். அதாம் இப்படின்னு ஊரே பேசுச்சு. நாந்தான் இடுப்புல வச்சிக்கிட்டே திரிவேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா மொட்டை போட்டாவ. அரைச்சு வச்ச சந்தனத்துல முக்காவாசி உன் தலைக்குத்தான் போச்சு. அவனுக்கு ஒரு கை அளவு. நீ இளையவன்ல, எல்லாரும் சிரிச்சாவ. அம்மா மட்டும் சிரிக்கல."

எங்கள் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன்.

"ஏன் கேட்ட?" என்றாள் அக்கா.

"சும்மாக்கா."

ஏப்ரல் 5, வெள்ளி

உலகம்மையின் ரத்தத்தை எடுத்தேன். லேபுக்கு இன்னொரு கன்ட்ரோல் வேண்டும் என்று சொன்னேன். அவளை லேபுக்கு வரவழைத்து, நர்ஸம்மாவிடம் உட்கார வைத்து, ஒழுங்காகக் கையெழுத்து வாங்கித்தான் எடுத்தேன். எதையும் முறை தவறிச் செய்யவில்லை. சொன்ன காரணம் ஒன்றுதான் வேறு.

அவளுக்கு ஒரே பெருமை. "நானும் விஞ்ஞானத்துக்கு உதவியாச்சு" என்று பெனிட்டாவிடம் சொன்னாள். பெனிட்டா அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் பேசாமல் போனாள். இவளோடு பெரிய தொல்லை.

ஏப்ரல் 10, புதன்

உலகம்மைக்கும் இரண்டு முகடு.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று சொல்லியிருக்க வேண்டும். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் எப்படிச் சொல்வது?

நாலில் ஒரு பங்கு. பிள்ளைக்கு இரண்டும் கெட்டதாக அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று பங்கு நல்லது. மூன்று பங்கு நல்லதை விட்டுவிட்டு ஒரு பங்கைச் சொல்லி மசக்கைக்காரியைப் பயமுறுத்துவதா?

பனிக்குட நீர் எடுத்து அந்த ஓர் எழுத்தைப் படித்துவிட்டால் தெரிந்துவிடும். அதற்கு அவள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க வேண்டுமென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். நாள் போகப் போக முடிவெடுக்கிற காலமும் சுருங்கும். இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான். நான் கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்பு. அக்கா வந்திருக்கிறாள். வேப்பம்பூ, வெல்லம், மாங்காய் எல்லாம் ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்து பச்சடி வைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் வந்ததும் அக்காவுக்குப் பேச்சு கிளம்பிவிட்டது.

"சொந்தத்துல குடுத்தா ஒரு வசதி, பாத்துக்கிடுங்க. எம் பிள்ளைய நாளைக்கு ஒருத்தன் அடிச்சாம்னா, அவன அடிக்க எனக்கு உரிமை உண்டும். எந்தம்பியில்லா. ரத்தமும் ஒண்ணு, வீடும் ஒண்ணு."

எதிர்வீட்டு அம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உலகம்மை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் ஃபோனில் நாலைந்து தடவை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை. பண்டிகை நாள்.

ஏப்ரல் 15, திங்கள்

காலைச் சாப்பாட்டில் உலகம்மை எதிரே உட்கார்ந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"சட்னி எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு."

"உப்பே போடல. மூணு நாளா எதுலயும் உப்புப் போடல. நேத்து அம்மா வச்ச சாம்பார்லயும் கடைசியில நாந்தான் போடவிடல. நீங்க ஒரு வார்த்தை சொல்லல. ஒரு கல்லு கொறஞ்சாலே வீட்டைத் தூக்கிருவிய. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். ஸ்விட்ச், எழுத்து, முகடு, நாலில் ஒரு பங்கு, ஆறுமுகம், எல்லாம். வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் வரிசை போய்விட்டது.

"என் ரத்தத்துல இருக்குன்னு என்னைக்குத் தெரியும்?"

"புதன்கிழமை."

"புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்குக் கஷ்டம்னா எனக்குத்தான முதல்ல சொல்லணும்? கன்ட்ரோலுக்குன்னு பொய் சொல்லி எடுத்திருக்கிய. நான் ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுப் பெருமை அடிச்சேன்."

அடுப்படி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "ஆறுமுகம் கிரகணத்துப் பிள்ளைல்லா" என்றாள். பிறகு அவளே, "அப்ப எங்கிட்ட இருந்துதான் எம் மவளுக்குப் போயிருக்கா?" என்று கேட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். உலகம்மை போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் உப்பில்லாத சட்னியைத் தின்று முடித்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

பனிக்குட நீர் எடுத்தார்கள். நீள ஊசி. உலகம்மை என் கையைப் பிடிக்கவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த இடத்தில் எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று மேடம் விவரமாக எழுதிக் கொடுத்திருந்தார். முடிவு வர இரண்டு வாரமாவது ஆகும்.

முடிவைச் சொல்ல யார் நம்பர் என்று கேட்டார் வரவேற்பில் இருந்த பெண். நான் என் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"என் நம்பர் மட்டும் போதும்" என்றாள் உலகம்மை.

டாக்ஸியில் திரும்பி வரும்போது ஒன்று கேட்டாள். "ரெண்டும் கெட்டதா வந்தா என்ன செய்யணும்னு நெனைக்கிய?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. தட்டில் இருப்பது செல். எந்தச் செல் எப்போது பெருகும், எப்போது நிற்கும் என்று நான் இரண்டு மணி நேரம் பேசுவேன். ஆறுமுகத்துக்குச் சிரிக்கத் தெரியுமா, அக்காவை அடையாளம் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. அக்கா முன்சீட்டில் இருந்தபடியே சொன்னாள். "என்னைக் கண்டா அவனுக்கு முகம் மாறும்."

மே 4, சனி

இன்னும் வரவில்லை. அக்கா ஊருக்குப் போய்விட்டாள், வேண்டுதல் இருக்கிறதாம். நான் பயத்தில் இருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது?

மே 6, திங்கள்

லேபிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். பாத்ரூமில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் அழுகிற சத்தம். கதவைத் தட்டினேன். "ஒண்ணுமில்ல" என்றாள். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாம்பழம் இருக்கா?" என்று கேட்டாள். அடுத்தடுத்து இரண்டு தின்றாள்.

ஃபோன் வந்ததா என்றேன். சாறு வழிகிற கையை நக்கிக்கொண்டே தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். வரவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மே 8, புதன்

திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைக்கப் போட்டிருக்கிறாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. சில நேரம் என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள், ஏதோ சொல்ல வருகிறாள், சொல்லாமல் போகிறாள். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறாள். என்னம்மா என்றால், "தூங்குங்க" என்கிறாள்.

பயத்தில் மனசு பேதலித்துவிட்டதோ? நான் இப்படி ஆக்கிவிட்டேனோ? ஆஸ்பத்திரிக்கு நானே ஃபோன் செய்தேன். நோயாளியிடம் மட்டும்தான் பேசுவோம் என்று வைத்துவிட்டார்கள்.

மே 9, வியாழன்

பெனிட்டா வீட்டுக்கு வந்தாள், மீன்குழம்போடு. இருவரும் அறைக்குள் போய்ப் பேசினார்கள். வெளியே வந்தபோது பெனிட்டாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்த மாதிரியும் இருந்தது. "வரேன் சார்" என்றாள். ஒரு மாதமாக என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. துக்க வீட்டில்தான் இப்படி அன்பாகப் பேசுவார்கள்.

மே 11, சனி

காலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுதான் கெட்டது, மாமா. இன்னொண்ணு நல்லது. உங்களை மாதிரி, என்னை மாதிரி. தலை நல்லா வளருமாம்."

எப்போது ஃபோன் வந்தது என்று கேட்டேன். இவ்வளவு காலையில் எந்த ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள்?

"திங்கக்கிழமை மத்தியானம்."

"திங்கக்கிழமையா?"

"நீங்க எத்தனை நாள் வச்சிருந்தியளோ அத்தனை நாள் நானும் வச்சிருந்து பாத்தேன். பழிக்குப் பழின்னுதான் நெனச்சேன். மொத நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் உங்க முகத்தைப் பாக்க முடியல. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. நல்ல சேதியை வச்சிருக்கவே எனக்கு நெஞ்சு அடைக்குது. நீங்க கெட்ட சேதியை எப்படி மாமா வச்சிருந்திய?"

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் நான் செத்துப் பிழைத்தேனே, அன்றைக்கே சொன்னால் என்ன என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். இந்த வீட்டில் அதைக் கேட்க வேறு யாருக்கு வேண்டுமானாலும் உரிமை உண்டு, எனக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள், சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

"அம்மாவுக்கு நீங்களே ஃபோன் போட்டுச் சொல்லுங்க" என்றாள். "இப்பவே."